இந்த வருஷமாவது ஓட்டுப் பெட்டி வையுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் ஐயா அவர்களுக்கும், மாணவர் பேரவைப் பொறுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் ஜூனில் மூன்றாம் ஆண்டுக்கு வரப்போகும் மாணவி. இப்போது எங்கள் ஊரில் மீன்பிடித் தடைக்காலம். அப்பா மண்டபத்தில் விசைப்படகுக்குப் போகிறவர். ஏப்ரல் 15இல் இருந்து 61 நாள் படகு கரையில்தான். திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த மடிவலையைப் பின்னிக்கொண்டிருக்கிறார். மாணவர் பேரவைக்கு இந்த வருஷமாவது தேர்தல் நடத்துங்கள் என்று கேட்டு, பக்கத்தில் இருந்து நான் இதை எழுதுகிறேன். கல்லூரி திறந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றிருந்தால் போன வருஷம் மாதிரி நியமனப் பட்டியல் வந்துவிடும்.

போன வருஷம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு தடவை கேளுங்கள். ஒரு திங்கட்கிழமை காலை அறிவிப்புப் பலகையில், அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், 'மாணவர் பேரவை நிர்வாகிகள்' என்று ஒரு தாள். தலைவர் என்ற இடத்தில் என் தோழியின் பெயர். வேதியியலில் முதல் மதிப்பெண் எடுப்பவள். ஓடிப் போய்க் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னேன். 'எதுக்குடி?' என்று கேட்டாள். பலகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். தன் பெயரை இரண்டு தடவை படித்துவிட்டு, 'எங்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே' என்றாள். தொடக்க விழாவுக்கு முந்தின நாள் அவள் கையில் தட்டச்சு செய்த உரை ஒன்று கொடுக்கப்பட்டது. அதை அப்படியே வாசித்தாள். அதற்குப் பிறகு பேரவை என்று ஒன்று கூடியது, எனக்குத் தெரிந்து, கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வந்த அன்று புகைப்படம் எடுக்கத்தான்.

அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் பட்டியலுக்கு ஒரு வாரம் முன்னால் நான் தலைவர் பதவிக்கு நிற்க விரும்புகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். 'நல்லாப் படிக்கிற பிள்ளை, உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?' என்று துறையில் சொன்னார்கள். அக்கறையில்தான் சொன்னார்கள் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் என் தாள் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

தேர்தல் வேண்டாம் என்பதற்கு நீங்கள் சொல்லும் காரணம் சாதி. அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்த யாரும் தட்டிக்கழிக்க முடியாது. செப்டம்பர், அக்டோபரில் தலைவர்களின் நினைவுநாள், குருபூஜை வந்தால் தடையுத்தரவு, சோதனைச்சாவடி, வாடகை வண்டி வரக்கூடாது என்ற அறிவிப்பு எல்லாம் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அதே காரணத்துக்காகத்தான் மாணவர் தேர்தலை எப்படி நடத்துவது என்று சொல்லும் லிங்டோ குழு அறிக்கையை ஒரு தடவை எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான அந்தக் குழு 2006இல் அறிக்கை கொடுத்தது. அதே வருஷம் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. கல்வியாண்டு தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்கிறது அது. மனுத்தாக்கலில் இருந்து முடிவு அறிவிப்பு வரை பத்து நாளுக்கு மேல் போகக்கூடாது. ஜூன் மூன்றாவது வாரம் கல்லூரி திறந்தால் ஆகஸ்ட் நடுவுக்குள் எல்லாம் முடிந்துவிடும். நீங்கள் பயப்படும் மாதங்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

செலவும் கலாட்டாவும் வரும் என்பீர்கள். ஒரு வேட்பாளருக்கு 5,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதுதான். ஒலிபெருக்கி கூடாது, வண்டி ஊர்வலம் கூடாது. முடிவு வந்த இரண்டு வாரத்தில் கணக்குக் கொடுக்க வேண்டும். எனக்கு 5,000 எல்லாம் தேவைப்படாது. பழைய காலண்டர் அட்டை பதினைந்து சேர்த்து வைத்திருக்கிறேன், மார்க்கர் பேனா நாலு. பிரச்சாரம் காலை எட்டேகால் பேருந்திலேயே முடிந்துவிடும். கல்லூரியில் பாதிப் பேர் அதில்தானே தொங்கிக்கொண்டு வருகிறோம்.

இதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. தேர்தல் நடத்தும் சூழல் இல்லாத இடங்களில் நியமன முறை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் மதிப்பெண்ணை மட்டும் வைத்து நியமிப்பது நல்லதல்ல என்றும், ஐந்து வருஷத்துக்குள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. 2006இல் இருந்து ஐந்து வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது, ஐயா.

பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவையும் சொல்ல வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகாரென்றால் குழுவில் மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும், அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பது யூஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2015ஆம் ஆண்டு விதிமுறை. நம் கல்லூரியில் அந்த இடங்களில் யார் இருக்கிறார்கள் என்று என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாத ஆளிடம் ஒரு பெண் எப்படிப் போய்ச் சொல்வாள்?

லிங்டோ விதிகள் எல்லாமே எனக்கு உவப்பானவை அல்ல. 75 சதவீத வருகைப்பதிவு இல்லாதவர் நிற்க முடியாது என்பது அதில் ஒன்று. எங்கள் வகுப்பில் ஒருவன் மாமாவோடு நாட்டுப்படகுக்குப் போய்விட்டு வருகிறவன். சில நாள் கரை சேர்ந்து, குளித்து, சட்டை மாற்றி வருவதற்குள் இரண்டு பாடவேளை போயிருக்கும். வருகைப்பதிவு 68. உண்மையில் தலைவராக நிற்க வேண்டியவன் அவன்தான். விடுதித் தண்ணீர்த் தொட்டி உப்புக் கரித்த விஷயத்தில், யார் மேலும் கோபப்படாமல் நாலு நாள் அலைந்து லாரித் தண்ணீர் வரவைத்தது அவன்தான். விதி அவனை வெளியே நிறுத்துகிறது. சரி, நிற்க வேண்டாம். ஆனால் அவனுக்கு ஓட்டு உண்டு, அது போதும் என்கிறான்.

நான் வந்தால் என்ன செய்வேன் என்று கேட்பீர்கள். முதல் வேலை கட்டணத் தேதி. ஜூன் 14 வரை தடைக்காலம். அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய், அது முன்னமே அரிசிக்கும் கடனுக்கும் போயிருக்கும். தடை முடிந்து முதல் பாடு, அதாவது முதல் மீன்வரவு, நன்றாக இருந்தாலும் டீசல், ஐஸ், முதலாளி முன்பணம் எல்லாம் கழித்துத்தான் பங்கு கைக்கு வரும். அந்த நேரத்தில்தான் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள், தாண்டினால் அபராதம். போன வருஷம் அம்மாவின் கம்மலை வைத்துக் கட்டினோம். ஒரு மாதம் தள்ளி வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இது மதிப்பெண் பட்டியலில் முதலில் வருபவருக்குத் தோன்றியிருக்காது, தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை.

தலைமைக்குப் படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களின் தலைவியாக இருந்த லட்சுமி மூர்த்தி 2015இல் சீகாலஜி என்ற சர்வதேச சுற்றுச்சூழல் விருது வாங்கினார். கூட பாசி எடுக்கும் பெண்கள் அவர் பேச்சைக் கேட்டது எந்தப் பலகையிலும் பெயர் ஒட்டியதால் அல்ல. எங்கள் அம்மாவும் விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசிக்குப் போனவர்தான். 'உன்னை அவங்க கேக்கலைன்னா நீ போய்க் கேளுத்தா' என்று இந்த மடலை எழுதச் சொன்னதும் அவர்தான்.

ஜனவரி 25 வாக்காளர் தினத்தன்று மைதானத்தில் எங்களை வரிசையாக நிற்க வைத்து, கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வைத்தீர்கள். வெயிலில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அந்த உறுதிமொழியை வைத்துத்தான் கேட்கிறேன்.

தலைவர் பதவிக்கு ஒருவர் ஒரு தடவைதான் நிற்கலாம் என்பதும் விதி. அந்த ஒரு தடவையை இந்த வருஷம் நான் எடுத்துக்கொள்கிறேன். தோற்றால் ஜெயித்தவருக்குக் கட்டணத் தேதிக் கோப்பைக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவேன்.

கல்லூரி திறக்கும் அன்று மனுத்தாக்கல் படிவம் எந்த அறையில், எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று பலகையில் ஒட்டச் சொல்லுங்கள், ஐயா. கண்ணாடிக் கதவின் சாவி வாட்ச்மேன் அண்ணனிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் மாணவி,
மூன்றாம் ஆண்டு பொருளியல்