கிடா மூஞ்சில முடி புடுங்கின கதை

பாப்பா,

"ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்கப்பா"ன்னு நீ சொன்னப்போ நான் பேச்ச மாத்திட்டேன்னு கோவமா இருக்கியாம், அம்மா சொன்னா. எனக்கு போன்ல எதுவும் சரியா சொல்ல வராதுல்ல, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

மேல்பண்ணை கிழவர் ஞாபகம் இருக்கா, ஸ்கூல் பஸ் வர்ற வரைக்கும் உன்ன டிராக்டர்ல ஏத்தி உக்கார வச்சிருப்பாரே, அவர் இந்த அக்டோபரோட பண்ணை வேலை போதும்னுட்டார். கடைசியா ஒரு ஸ்வேல்டேல் ஜாதி கிடா, நம்ம யார்க்‌ஷயர் ஹாஸ் மார்ட்ல, அதான் கால்நடைச் சந்தையில, ஏலத்துக்கு விடணும், ஆனா கண்ணு தெரியல, என்னைக் கூப்பிட்டார். எதுக்குங்குற? அதோட மூஞ்சில முடி புடுங்க! கருப்பு மூஞ்சி, மூக்கும் கண்ணச் சுத்தியும் வெள்ளை, கருப்பும் வெள்ளையும் சேர்ற இடம் கோடு போட்ட மாதிரி இருக்கணும், கருப்புக்குள்ள நாலு வெள்ளை முடி தப்பி நின்னா வாங்க வர்றவன் மூஞ்சியத் திருப்பிக்குவான். அம்மா புருவம் எடுக்கிற ட்வீஸர அவளுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போனேன் (சொல்லிடாத). முப்பது வருஷம் பாலும் பேப்பரும் வித்தவன், ராத்திரி பத்து மணிக்கு கொட்டாய்ல டார்ச்ச வாயில கடிச்சிக்கிட்டு ஒரு கிடாவுக்கு பியூட்டி பார்லர் நடத்துறேன், அது என் முழங்கால்ல கொம்பால ஒரு இடி விட்டுச்சு பாரு, இன்னும் நீலமா இருக்கு.

ஏலத்துல 1,400 கினி. இன்னும் கினிதான், ஒரு கினின்னா ஒரு பவுண்ட் அஞ்சு பென்ஸ், கினி காசு ஒழிஞ்சு எவ்ளோ காலமாச்சு, இவங்க மட்டும் கிடாவ பவுண்ட்ல விக்க மாட்டாங்க. ஏலக்காரர் பேசுற வேகத்துல எனக்கு இப்பவும் பாதி புரியல, யாரு கேட்டாங்கன்னும் தெரியல, ஒருத்தர் கேட்லாக்க லேசா அசைச்சார், அவ்ளோதான், முடிஞ்சிருச்சு. வெளிய வந்ததும் கிழவர் வாங்கினவர் கையில இருபது பவுண்ட திருப்பி வச்சு அமுக்கினார், 'லக் மணி', ராசிக்குன்னு குடுக்கிறது.

பெட்டை ஆடுங்கள விக்கலயான்னு கேட்டேன். அதுங்க மலையோட சேர்த்தியாம், அடுத்து பண்ணைய எடுக்கிறவன்கிட்டயே இருக்கும். அங்க வேலி கிடையாது, தாய் எதுவரைக்கும் மேயுதோ அதுவரைக்கும்தான் குட்டியும் போகும், அப்படியே தலைமுறையா வருது, 'ஹெஃப்ட்'ம்பாங்க. 2001 கோமாரி நோயில பிரிட்டன் முழுக்க 60 லட்சத்துக்கு மேல ஆடு மாட்ட கொன்னாங்களே, மார்ட் மாசக்கணக்கா பூட்டிக் கிடந்துச்சு, அப்போ இவர் பயந்தது காசுக்கு இல்லயாம், காசு கவர்மெண்ட் குடுக்கும், மலை தெரிஞ்ச ஆட்ட எங்க போய் வாங்குறதுன்னுதான். நீ இதுல வேற அர்த்தம் எதுவும் தேடாத, ஆட்டப் பத்திதான் சொல்றேன்.

அந்தப் பண்ணைக்கு ஒரு சின்னப் பையன் வர்றான், பொண்டாட்டிக்கு இப்பதான் குழந்தை பொறந்திருக்கு, ஏப்ரல்ல ஆடுங்க குட்டி போடுறப்போ ராத்திரி முழிக்க ஆள் வேணும். சரின்னுட்டேன். அதனால டிக்கெட் எதுவும் இப்ப போட்றாத, ஜூனுக்கு மேல பாரு, அதுவும் ரிட்டர்னோட போடு.

அம்மாவுக்கு ஒரு புது ட்வீஸர் மட்டும் அனுப்பி வை, பழசு நாத்தம் போகவே மாட்டேங்குது.

அப்பா