கடை வாசலில் நின்று ஊதிப் பார்

ரங்கூன்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அம்மாடி,

நீ அனுப்பிய புல்லாங்குழல் படத்தை நானும் அம்மாவும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். குஞ்சம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குழலை வாங்காதே. போனில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் கரண்ட் போய், லைனும் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். மார்கழியில் சென்னைக்குப் போகும்போது கையோடு வைத்துக்கொள்.

முதலில் துளையை எண்ணு. ஊதுகிற துளையை விட்டுவிட்டு எட்டு இருக்க வேண்டும். உன் படத்தில் ஆறுதான் தெரிகிறது. அது வடநாட்டு இசைக்கான இந்துஸ்தானிக் குழல். அதைக் குறை சொல்லவில்லை, அதுவும் பெரிய வாத்தியம்தான். ஆனால் நீ பத்து வயதில் என்னிடம் கற்றது, மேலே இரண்டு துளையை மூடினால் ‘ச’ பேசும் குழல். அதிலோ மூன்றை மூட வேண்டும். விரலுக்குப் பழகியது லேசில் மாறாது.

மயிலாப்பூரில் எந்தக் கடைக்குப் போனாலும் “என்ன கட்டை வேணும்?” என்றுதான் கேட்பார்கள். கட்டை என்றால் சுருதி அளவு. ஐந்து கட்டை என்று சொல். ஆர்மோனியத்தில் ஜி. கட்டை குறையக் குறையக் குழல் நீண்டுகொண்டே போகும், துளைகளும் தள்ளித் தள்ளி விழும். புல்லாங்குழல் மேதை என். ரமணி வாசித்த மாதிரி நீளக் குழலைக் கையில் பிடிக்க எல்லோருக்கும் ஆசைதான். உன் விரல் அம்மாவின் விரல், குட்டை. எட்டி எட்டி மூடினால் ஓரத்தில் காற்று கசிந்து கீச்சென்று கத்தும். நீ குழல்மேல் பழி போடுவாய்.

அழகைப் பார்த்து ஏமாந்தவன்தான் நானும். 20 வருடத்துக்கு முன் ஊருக்குப் போனபோது ஒரு கடையில் வாங்கினேன். கறுப்பு வார்னிஷ், நடுவில் சிவப்பு நூல் கட்டு, கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. நூலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. இங்கே வந்து ஒரு மழைக்காலம் முழுக்க ஈரம் குடித்துவிட்டு, நவம்பர் வெயிலில் காய்ந்ததும் நூலுக்கு அடியிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு விரிசல் எட்டிப் பார்த்தது. மெழுகு வைத்து அடைத்து, மேலே நூலைச் சுற்றியிருக்கிறார்கள். கீழ் ஸ்தாயிக்குப் போனால் நாதத்தோடு சேர்ந்து ‘உஸ்’ஸென்று ஒரு சத்தம். உளுந்து மண்டியில் ஒரு மணியைக் கடித்தே ஈரம் சொல்கிறவன், குழலை மட்டும் கண்ணால் பார்த்து வாங்கிவிட்டான் என்று உன் சித்தப்பா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

நூல் கட்டியிருப்பதே தப்பு என்று நினைத்துவிடாதே. வெடிக்காமல் இருக்க நல்ல கைக்காரர்களும் கட்டுவார்கள். கட்டுக்கு இரண்டு பக்கமும் நகத்தை மெதுவாக ஓட்டிப் பார், விரிசல் இருந்தால் நகம் தட்டும். திறந்த முனையில் போன் டார்ச்சை அடித்து உள்ளே பார், மேடு பள்ளம் இருக்கக் கூடாது. மூங்கில் வெட்டி எத்தனை நாள் ஆயிற்று என்றும் கேள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், குழலுக்கு வெட்டிய மரத்தை நிழலில் ஆறவிட்டு, முறுக்கவில்லை, பிளக்கவில்லை என்று தெரிந்துகொண்டு, ஓராண்டு போன பிறகுதான் செய்ய வேண்டும் என்கிறார். அந்த அவசரமில்லாத ஆள் இப்போது கடை வைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

கடைக்குள் ஏசி ஓடினால் குழலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வா. குளிர்ந்த குழலில் சுருதி இறங்கிக் கேட்கும். ஊத ஊத மூச்சுச் சூட்டில் ஏறும். ஐந்து நிமிடமாவது ஊதிவிட்டு, அப்புறம் போனில் சுருதிப் பெட்டியைப் போடு. ‘ச’வை நீட்டிப் பிடி. அதே ‘ச’வை மேல் ஸ்தாயியில் பிடி. இரண்டும் சுருதியோடு ஒட்ட வேண்டும். ஏதாவது ஒரு ஸ்வரம் துளி இறங்கியிருந்தால் பயமில்லை, அந்தத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் ஏறிவிடும், செய்தவரே சரி பண்ணித் தருவார். ஏறியிருந்தால் வேண்டாம். அதை இறக்க மெழுகு வைப்பார்கள், மெழுகு என்றாலே எனக்கு ஆகாது.

கடைக்காரர் ஊதிக் காட்டுவதைக் கேட்டு மயங்காதே. அவர் வாயில் மூங்கில் குச்சியும் பாடும். நீ ஊது. இத்தனை வருடம் விட்டதற்கு முதலில் வெறும் காற்றுதான் வரும், வெட்கப்படாதே. பக்கத்து வீட்டு பர்மாக்காரப் பையன் பல்வே என்கிற அவர்கள் ஊர்க் குழலை ஊதுகிறான். அதில் உள்ளேயே அடைப்பு வைத்திருப்பதால் வாயில் வைத்து ஊதினாலே ஓசை வந்துவிடும். நம்முடையதில் உதடுதான் எல்லாம். குழலை அரைச் சுற்றுகூட வேண்டாம், ஒரு நெல் அளவு உள்ளுக்கும் வெளியிலுமாக உருட்டிப் பார். ஓர் இடத்தில் சட்டென்று பிடித்துக்கொள்ளும். உனக்கு நினைவு வரும்.

சிங்கப்பூர் திரும்பியதும் ஏசிக்கு நேரே வைக்காதே, காய்ந்து வெடிக்கும். துணி உறையில் போட்டு வை. அவ்வப்போது குச்சியில் துணி சுற்றி, நல்லெண்ணெய் தொட்டு உள்ளே ஓட்டு. சொட்டச் சொட்ட வேண்டாம்.

பிடித்தது இரண்டு மூன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு எனக்குப் போன் போடு. சென்னையைவிட இங்கே ஒரு மணி நேரம் கூட, அங்கே நாலரைக்குள் கூப்பிட்டால் நான் மண்டியில்தான் இருப்பேன். பேச வேண்டாம். ஒவ்வொன்றிலும் ‘ச’, ‘ப’, மேல் ‘ச’ மட்டும் ஊது. போனில் நாதம் தெரியாவிட்டாலும் சுருதி தெரியும். மூட்டை தூக்குகிறவர்களைக் கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் இருக்கச் சொல்கிறேன்.

அப்பா