பூச்சி மாத்திரையும் அலர்ஜி ரிப்போர்ட்டும்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வருகிற திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுக்கிறோம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வழக்கமாகக் கொடுப்பதுதான். ஆனால் சில பெற்றோர்கள் லேப் ரிப்போர்ட்டோடு வந்து கேட்டதால் இந்த முறை கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

பிள்ளைக்குத் தும்மல், தடிப்பு, இரவில் இருமல் என்று அலர்ஜிக்கு ரத்தம் சோதித்திருக்கிறார்கள். தூசிப்பூச்சி, கரப்பான், இறால் என்று போகும் நீண்ட பட்டியலில் ‘அஸ்காரிஸ்’ என்று ஒரு வரி. நாம் நாக்குப்பூச்சி என்கிறோமே, அதுதான். “பிள்ளைக்கு வயித்துல பூச்சி உண்டாம் சார், இனி என்ன செய்ய?” என்று ஒரு தாய் கலங்கிப்போய்க் கேட்டார். இன்னொருவர், “எங்களுக்கு நெகட்டிவ், அதனால் மாத்திரை வேண்டாம்” என்றார். இரண்டும் சரியல்ல.

அந்தச் சோதனை பூச்சியைத் தேடுவதே இல்லை. பூச்சிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஐஜிஇ என்ற ஆன்டிபாடி ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறது, அவ்வளவுதான். எப்போதோ வந்து போன பூச்சிக்கும் அது ரத்தத்தில் தங்கியிருக்கலாம். அதோடு, இறாலிலும் தூசிப்பூச்சியிலும் கரப்பானிலும் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம் நாக்குப்பூச்சியிலும் ஏறக்குறைய அதே சாயலில் இருக்கிறது. இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு வயிற்றில் ஒரு பூச்சிகூட இல்லாமலே பாசிட்டிவ் வரலாம். கடலோரத்து வீட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது பூச்சி இருக்கிறதா என்று பார்க்க மலப் பரிசோதனைதான் வழி. பெண் பூச்சி ஒரு நாளில் 2 லட்சம் முட்டை வரை இடும், மைக்ராஸ்கோப்பில் தெரிந்துவிடும். ஆனால் முட்டை வயிற்றுக்குள் போன முதல் இரண்டு மாதம் மலத்தில் ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்தில் குஞ்சுப்புழு குடலிலிருந்து ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, மறுபடி விழுங்கப்பட்டுக் குடலுக்கே வந்து சேர்கிறது. சில பிள்ளைகளுக்கு வறட்டு இருமலும் இழுப்பும் வருவது இதனால்கூட இருக்கலாம். அதற்காக, மாத்திரை போட்டாயிற்று என்று இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இழுப்பு இருந்தால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

மாத்திரை அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒன்றே ஒன்று. மென்று தின்ன வேண்டும். ரிப்போர்ட் எப்படி இருந்தாலும் கொடுக்கலாம். பூச்சி அதிகம் உள்ள பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வயிற்றுவலியோ குமட்டலோ வரும், தானே அடங்கும். காய்ச்சல் உள்ள பிள்ளைகளுக்கு அன்று கொடுக்க மாட்டோம். தினமும் வேறு மருந்து சாப்பிடுகிற பிள்ளைகள் இருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. வாழைத்தோட்டத்திலும் ரப்பர் நிழலிலும் மண் லேசில் காய்வதில்லை. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் இந்த முட்டைகள் நெடுநாள் பிழைத்துக் கிடக்கும். விளையில் மரச்சீனி பிடுங்கிவிட்டு அதே கையோடு சாப்பிட உட்காரும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். நகத்தை வெட்டிவிடுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். பள்ளிக் குழாயடியிலும் சோப்பு வைக்கிறோம். இரண்டு நாளில் காணாமல் போகிறது, அது வேறு கதை.

ரிப்போர்ட் வைத்திருப்பவர்கள் திங்கட்கிழமை கொண்டு வாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வருகிறார், அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்