புது சர்வர் வாங்கும் முன்: மீனவர் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த கூட்டத்தில் நம் ஸ்கேன் கோப்புகளையெல்லாம் வைத்திருக்கும் சர்வருக்குப் பதில் புதிய சர்வர் வாங்குவது பற்றிப் பேசப்போவதாக அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். அவசரம் புரிகிறது. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும், நிவாரணத்துக்கு ஆட்கள் வந்து குவிவார்கள். கவுண்டரிலோ ஸ்கேன் ஃபோல்டரைத் திறந்துவிட்டு டீ குடித்து வரலாம் என்ற நிலைமை. ஆனால் எது மெதுவாக இருக்கிறது என்று இதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை. அளக்காமல் வாங்கினால் புது சர்வரிலும் இதே வரிசை நிற்கும், இதே முணுமுணுப்பு கேட்கும்.

விலைப்புள்ளி கொடுத்தவர் செய்துகாட்டிய சோதனையை நீங்களும் பார்த்தீர்கள். பெரிய வீடியோ ஒன்றை சர்வரிலிருந்து செயலாளர் அறைக் கம்ப்யூட்டருக்கு இழுத்தார். விநாடிக்கு 110 எம்.பி. வந்தது. “நெட்வொர்க் நன்றாக இருக்கிறது, டிஸ்க்தான் பழசு” என்று முடித்துவிட்டார். அந்த 110 எம்.பி.யையும் கொடுத்தது அதே பழைய டிஸ்க்தானே என்று யாரும் கேட்கவில்லை. கிகாபிட் கேபிளில் விநாடிக்கு 1000 மெகாபிட் ஓடும், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் கணக்குப்படியே 125 எம்.பி.க்கு மேல் போகாது, நடைமுறையில் 110 வந்தாலே நல்ல வேகம். ஆக, அவர் சோதனை டிஸ்க்கை மாட்டிவிடவில்லை, விடுவித்துவிட்டது.

இன்னொன்று, கூட்டம் நிற்பது செயலாளர் அறையில் இல்லை, ஏலக்கூடத்தை ஒட்டிய கவுண்டரில். அங்கே இணைப்பு வேகத்தைப் பார்த்தால் 1000 மெகாபிட்டுக்குப் பதில் 100 என்று காட்டுகிறது, அதாவது விநாடிக்கு 12.5 எம்.பி.தான் உச்சம். சுவரில் உள்ள கேபிள் ஜாக்கைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே இருக்கும் எட்டு உலோக நாக்குகளில் இரண்டு பச்சை பூத்துக் கிடக்கின்றன. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத ஜோடி ஒன்று கெட்டால் இரண்டு முனையும் பேசிக்கொண்டு, இரண்டே ஜோடியில் ஓடும் 100-க்கு இறங்கிவிடும். அறுந்த மாதிரியே தெரியாது, விளக்கும் மின்னிக்கொண்டுதான் இருக்கும். உப்பைச் சுமந்து வரும் கச்சான் காற்றில் ஜன்னல் கம்பியே உரிந்து விழும் பாம்பன் கரையில் இந்த ஜாக்கை மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்று யாருக்கும் நினைவில்லை.

இதைச் சரிசெய்தால் பெரிய கோப்புகள் வேகமாக வரும். ஆனால் நம் முக்கியத் தொல்லை அது இல்லை. நம்மிடம் இருப்பவை பெரிய கோப்புகளே இல்லை. ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், படகுப் பதிவு என்று ஆளுக்கு நாலைந்து சின்னச் சின்ன ஸ்கேன், எல்லோருடையதும் ஒரே ஃபோல்டரில். அதைத் திறந்தால் சின்னப் படங்கள் காட்டுவதற்காக கம்ப்யூட்டர் ஒவ்வொரு கோப்பையும் தொடுகிறது. நெட்வொர்க் வழியாகத் தொடுவதென்றால், கோப்பு இருக்கிறதா, எனக்கு அனுமதி உண்டா, எப்போது மாறியது, திற, படி என்று ஒவ்வொன்றுக்கும் சர்வர் வரை போய்வர வேண்டும். ராமேசுவரத்தில் நங்கூரமிட்ட விசைப்படகிலிருந்து கூடை கூடையாக இறக்காமல், வல்லம் என்ற சிறு படகில் ஒவ்வொரு மீனாகக் கரைக்குக் கொண்டுவருவது போல. மீன் கனமில்லை, போய்வருகிற தடவைதான் ஆளைக் கொல்லும்.

கணக்கே போடலாம். 3,000 கோப்பு, ஒவ்வொன்றுக்கும் 5 போய்வரல், மொத்தம் 15,000. நல்ல கேபிளில் ஒரு போய்வரலுக்கு 0.3 மில்லிவிநாடி என்றால் 4.5 விநாடி. நிவாரணக் கவுண்டர் இன்னொன்று, அதற்கு நாம் கொடுத்திருப்பதோ கேபிள் அல்ல, வைஃபை. அங்கே 5 மில்லிவிநாடி என்றால் 75 விநாடி. டிஸ்க் எவ்வளவு வேகமானாலும் இந்த 75-ல் ஒரு விநாடிகூடக் குறையாது. கம்ப்யூட்டரிலேயே உள்ள டிஸ்க்குக்கு இந்த நடை கிடையாது. ஒருமுறை படித்ததை நினைவகத்தில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அங்கிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். சர்வர் ஃபோல்டரை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பகிரும் என்.எஃப்.எஸ். முறையும் படித்ததை வைத்துக்கொள்ளும், ஆனால் கேட்காமல் அதையே எடுத்துக் கொடுத்துவிட முடியாது. பக்கத்துக் கவுண்டரில் யாராவது மாற்றியிருக்கலாமே, அதனால் பொதுவாகத் திறக்கும்போதெல்லாம் சர்வரிடம் கேட்டாக வேண்டும். பலர் ஒரே கோப்பில் வேலை செய்யும் வசதிக்கு நாம் கொடுக்கும் விலை அது.

சேமிக்கும்போது ஏற்படும் தாமதம் வேறு ரகம், அதில் டிஸ்க்குக்கும் பங்கு உண்டு. நம் கம்ப்யூட்டரில் சேமித்தால் நினைவகத்தில் போட்டுவிட்டு “முடிந்தது” என்று சொல்லிவிடும், டிஸ்க்கில் எழுதுவது பிறகு நடக்கும். என்.எஃப்.எஸ். சர்வரில் சிங்க் என்று வைத்திருந்தால், டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் அது பதில் சொல்லும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கே 8.3 மில்லிவிநாடி. சின்னக் கோப்புகளை வரிசையாக எழுதும்போது இது குட்டி போட்டு வளரும். இங்கே சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. டிஸ்க் நிச்சயம் உதவும், அதற்கு நான் எதிரியில்லை. ஆனால் இருக்கிற சர்வரிலேயே ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

இதற்கு ‘ஏசிங்க்’ என்று மாற்றினால் போதும், செலவே இல்லை என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். மாற்றினால் வேகம் பறக்கும், உண்மைதான். சர்வர் எழுதாமலேயே “எழுதிவிட்டேன்” என்று பொய் சொல்லத் தொடங்கும், வேகம் அங்கிருந்துதான் வருகிறது. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனால், சேமித்ததாகத் திரையில் கண்ட விண்ணப்பம் காணாமல் போகும். நம் பக்கம் கரண்டு எப்படி வந்து போகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யு.பி.எஸ். பேட்டரியோ பெயருக்குத்தான் இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். கொள்முதலை ஒரு கூட்டம் தள்ளிவையுங்கள். அதற்குள் டிஸ்க், கேபிள், போய்வரல் மூன்றையும் தனித்தனியே அளந்துவிடலாம். சர்வரை அணைத்துப் போட்டு, அதிலேயே உட்கார்ந்து அந்த ஃபோல்டரைத் திறந்தால் டிஸ்க்கின் யோக்கியதை தெரியும். அணைக்காமல் பார்த்தால் நினைவகத்தில் இருப்பதைத்தான் அளப்போம். நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் என்ற நிரலை ஓட்டினால் டிஸ்க் தலையிடாமல் கேபிள் மட்டும் எவ்வளவு தாங்குகிறது என்று தெரியும். என்.எஃப்.எஸ்.ஸ்டாட் என்ற இன்னொரு நிரல், கவுண்டர் கம்ப்யூட்டர் எத்தனை முறை போய்வந்தது என்பதை எண்ணிக் காட்டிவிடும். மூன்று எண்ணையும் ஒரே தாளில் எழுதிக் குழு முன் வைக்கிறேன். டிஸ்க்தான் குற்றவாளி என்று அது சொன்னால், சர்வர் வாங்க முதல் கையை நானே தூக்குகிறேன்.

இதற்கிடையில் புது ஜாக்குகள், நிவாரணக் கவுண்டருக்கு ஒரு கேபிள், யு.பி.எஸ். பேட்டரி ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஆளுக்கு ஒரு ஃபோல்டர், அதில் எல்லா ஸ்கேனும் சேர்ந்த ஒரே பி.டி.எஃப். என்று கோப்புகளை மாற்ற மேசைப் பணியாளர்களிடம் சொல்லுங்கள். நெட்வொர்க் ஃபோல்டரில் சின்னப் படம் காட்டுவதை நானே அணைத்துவிடுகிறேன்.

அளப்பதற்கு அலுவலகம் மூடிய பிறகு ஒரு மாலை நேரமும் சர்வர் அறைச் சாவியும் வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
சங்கக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பினர் ஒருவர்