பழைய மூஸைப் புதியது என்று விற்றதும், எங்கள் மெக்கானிக்கின் மீது பழி போட்டதும் குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், மோட்டார் சைக்கிள் பட்டறை, மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர், ராலி உதிரிபாக இணைய விற்பனை நிறுவனம்.

நாள்: 17.03.2025

பொருள்: 20.12.2024 அன்று பதிவு செய்த மூன்று மூஸ்களின் (டயருக்குள் வைக்கும் நுரை வளையங்களின்) உற்பத்தித் தேதி மறைக்கப்பட்டது – பணத்தைத் திருப்பித் தரவும் 05.03.2025 நாளிட்ட தங்கள் மின்னஞ்சலைத் திரும்பப் பெறவும் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

மார்த்தாண்டத்தில் 22 ஆண்டுகளாகப் பட்டறை நடத்திவரும் நான், என் அக்காள் மகன் ஓட்டும் ராலி (நெடுந்தூரப் பந்தய) மோட்டார் சைக்கிளுக்காகத் தங்கள் இணையதளத்தில் 140/80-18 அளவில் பின்சக்கரத்துக்கு இரண்டும், 90/90-21 அளவில் முன்சக்கரத்துக்கு ஒன்றுமாக மூன்று மூஸ்களையும், அவற்றைப் பொருத்தும்போது பூசும் சிலிக்கோன் ஜெல் ஒரு குழாயையும் பதிவு செய்து, அன்றே ரூ.45,200 முழுவதையும் செலுத்தினேன். பன்னிரண்டு நாட்களில் வந்துவிடும் என்று சொல்லப்பட்ட பொருட்கள் 29.01.2025 அன்றுதான், அதாவது எங்கள் பிக்அப் ராஜஸ்தானுக்குப் புறப்பட நான்கு நாட்களே இருந்தபோது, வந்து சேர்ந்தன. தாமதம் இக்கடிதத்தின் புகார் அன்று. ஆனால் பெட்டியைப் பிரித்து நிதானமாக அளந்து பார்க்கும் அவகாசத்தை எங்களிடமிருந்து பறித்தது அந்தத் தாமதமே என்பதால் அதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

இக்கடிதத்தைப் படிப்பவர் ராலி வண்டியை அருகில் பார்த்திராதவராக இருக்கலாம் என்பதால் மூஸ் என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். டயருக்குள் காற்றடைத்த ட்யூபுக்குப் பதிலாக வைக்கப்படும் கறுப்பு நிற நுரை ரப்பர் வளையம் அது. முள் குத்தினாலும் கல் கிழித்தாலும் காற்று போகாது. போவதற்குக் காற்றே இல்லை. அந்த நுரையின் நுண்ணிய அறைகளில் அடைபட்டிருக்கும் வாயுதான் அதற்கு விறைப்பைத் தருகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வாயு கசிந்து, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும்கூட மூஸ் சுருங்கும். புதிய மூஸ் டயரின் உட்புறத்தைவிடப் பருத்திருக்கும். மூன்று லீவர்களை வைத்து இருவர் மல்லுக்கட்டினால்தான் ரிம்முக்குள் அடங்கும். ஆகவே மூஸ் வாங்குகிறவருக்கு அதன் விலையைவிட அது பிறந்த மாதமும் ஆண்டும் முக்கியம்.

30.01.2025 அன்று இரவு எங்கள் மூத்த மெக்கானிக் பின்சக்கரத்து மூஸைத் தங்கள் ஜெல்லையே பூசிப் பொருத்தினார். வழக்கமாக முக்கால் மணி நேரம் பிடிக்கும் வேலை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. "எளிதா உள்ள போயிட்டே அண்ணாச்சி" என்று அவர் சொன்னபோது, நல்ல ஜெல் என்று நான் தங்களைத்தான் பாராட்டினேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்த ஒரு பிழையை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ராஜாக்கமங்கலத்துக்கு அருகில் நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பு மணலில் மறுநாள் காலை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். நம் கடலோர மணல் ஈரம் பிடித்துக் கனமாகக் கிடப்பது. தார்ப் பாலைவனத்து மணலைப் போலச் சக்கரத்தை விழுங்காது. அங்கே குறை எதுவும் தெரியவில்லை. பிறகு 2,500 கிலோமீட்டருக்கும் மேல் பிக்அப்பில் பயணம் செய்து ஜெய்சல்மேர் பகுதியில் நடந்த ராலியில் கலந்துகொண்டோம். முதல் நாள் சிக்கலின்றி முடிந்தது. இரண்டாம் நாள் விடியலில் 74 கிலோமீட்டர் தார்ச்சாலையில் ட்ரான்ஸ்போர்ட் எனப்படும் இணைப்புப் பகுதியும், அதன்பின் நேரம் கணக்கிடப்படும் 160 கிலோமீட்டர் ஸ்பெஷல் ஸ்டேஜும் இருந்தன. ஸ்டேஜில் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் கடந்த இடத்தில் வண்டியின் இருப்பிடத்தைக் காட்டும் டிராக்கர் திரையில் எங்கள் வண்டியின் புள்ளி நின்றுவிட்டது. முகாமில் தார்ப்பாயை விரித்து, ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கிவைத்துக் காத்திருந்த நாங்கள் நால்வரும் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்டேஜுக்குள் போய் உதவக் கூடாது, உதவினால் தகுதிநீக்கம் என்பதால் பார்ப்பதைத் தவிர எங்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பையன் தன்னிடம் இருந்த கேபிள் டைகள் அத்தனையையும் போட்டு டயரை ரிம்மோடு கட்டி, இருபது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு அந்தி மங்கியபின் வந்து சேர்ந்தான். அதற்குள் அனுமதிக்கப்பட்ட நேரம் முடிந்து, பட்டியலிலிருந்து எங்கள் எண் நீக்கப்பட்டிருந்தது.

அன்றிரவு டயரைக் கழற்றித் தார்ப்பாயின் மேல் கவிழ்த்தபோது வளையமாக எதுவும் விழவில்லை. பாக்கு அளவிலும் மிளகு அளவிலுமான கறுப்புத் துணுக்குகள் ஒரு முறத்துக்கும் அதிகமாகக் கொட்டின. இரண்டு விரலால் நசுக்கினால் ஊறிய ரஸ்க் போல நைந்தன. ரிம்மின் விளிம்பு மூன்று இடங்களில் வளைந்திருந்தது.

பந்தயத்தில் தோற்றதற்காக நான் இக்கடிதத்தை எழுதவில்லை. வண்டி பாழாவது இந்த விளையாட்டின் இயல்பு. 1978 டிசம்பர் 26 அன்று பாரிசிலிருந்து செனகலின் டக்கார் நகரை நோக்கிப் புறப்பட்ட முதல் டக்கார் ராலியிலேயே 182 வண்டிகள் கிளம்பி 74 மட்டுமே டக்காருக்குப் போய்ச் சேர்ந்தன. மணலும் கல்லும் நம் கவனக்குறைவும் சேர்ந்து வண்டியை முடக்கினால் அதை யாரிடமும் சொல்லி அழமாட்டோம். ஆனால் பெட்டிக்குள்ளேயே கெட்டுப்போயிருந்த பொருளைப் பாலைவனத்தின் கணக்கில் எழுத முடியாது.

அது பெட்டிக்குள்ளேயே கெட்டுப்போனது என்பதற்கான சான்று, பொருத்தப்படாமல் உபரியாக எடுத்துச் சென்ற இரண்டாவது பின்சக்கர மூஸிலேயே இருக்கிறது. ஊர் திரும்பியதும் அதை வெர்னியர் காலிப்பரால் அளந்தோம். தடிமன் 118 மில்லிமீட்டர். இதே தயாரிப்பில் இதே அளவில் சென்ற ஆண்டு வேறொருவரிடம் வாங்கிய புதிய மூஸைப் பொருத்துமுன் அளந்து பட்டறை நோட்டில் எழுதிவைத்திருந்தது 132 மில்லிமீட்டர். புதிய டயர் ஒன்றுக்குள் இந்த மூஸை வைத்துப் பார்த்தால் பக்கச்சுவருக்கும் மூஸுக்கும் நடுவே என் ஆள்காட்டி விரல் தாராளமாக நுழைகிறது.

இதைவிட முக்கியமானது அதன் மேலிருந்த சீட்டு. தாங்கள் ஒட்டிய வெள்ளைச் சீட்டில் இறக்குமதி மாதம் ஆகஸ்ட் 2024 என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அதன் ஒரு மூலை சற்று மேடாக இருந்ததால் என் மனைவி தேங்காய் எண்ணெயைத் தடவி ஒரு மணி நேரம் ஊறவைத்து, பசை இளகியதும் கிழியாமல் உரித்தெடுத்தார். அடியில் ஆலை ஒட்டிய சிறிய சீட்டு இருந்தது. அதில் உற்பத்தி மாதம் நவம்பர் 2019. ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் கிடந்த சரக்கை, பிறந்த தேதியின் மேலேயே வேறொரு தேதியை ஒட்டித் தாங்கள் எனக்கு முழு விலைக்கு விற்றிருக்கிறீர்கள். முன்சக்கரத்து மூஸிலும் இதே போன்ற இரட்டைச் சீட்டு இருக்கிறது. அதை உரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

14.02.2025 அன்று படங்களோடு நான் அனுப்பிய புகாருக்கு 19 நாட்கள் கழித்துத் தாங்கள் எழுதிய மூன்று வரிப் பதிலில் மூன்று காரணங்கள் சொல்லப்பட்டுள்ளன. தேதிச் சீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

முதலாவதாக, தார்ச்சாலையில் ஓட்டியதால் மூஸ் சூடேறிப் பாழானது என்கிறீர்கள். மூஸைத் தாரில் நெடுநேரம் வேகமாக ஓட்டக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும்; அதனால்தான் அந்த 74 கிலோமீட்டரும் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டாமல் போனான் என்பதை டிராக்கர் பதிவு காட்டும். மேலும், ராலி என்றால் நேரம் கணக்கிடப்படும் ஸ்டேஜும் அதற்குப் போய்வரும் இணைப்புச் சாலையும் சேர்ந்ததே. 2024 டக்கார் ராலியில் மொத்தம் ஏறத்தாழ 7,900 கிலோமீட்டர் ஓடியதில் ஸ்டேஜுகள் 4,700 கிலோமீட்டர் அளவுதான். மிச்சமெல்லாம் இணைப்புப் பயணம். 'பாலைவன ராலிக்கு உகந்தது' என்று தங்கள் பக்கத்தில் எழுதி விற்றுவிட்டு, ராலியின் ஒரு பகுதியில் ஓட்டியதையே குற்றமாகச் சொல்வது முறையன்று. சுருங்கிய மூஸ் டயருக்குள் இடம்விட்டு உருளும், உருண்டால் உராயும், உராய்ந்தால் சூடேறும். சூடு இங்கே நோயின் விளைவே தவிர நோய்க்குக் காரணம் அன்று.

இரண்டாவதாக, கடலோர மாவட்டத்தின் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் வைத்திருந்ததால் ரப்பர் கெட்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பொருள் எங்கள் பட்டறையில் இருந்தது நான்கே நாட்கள். மார்த்தாண்டத்திலிருந்து கடல் தெரியாது. தவிர, குமரி மாவட்டத்துக்காரருக்கு ரப்பரைப் பற்றிப் பாடம் எடுக்குமுன் ஒருமுறை யோசித்திருக்கலாம். என் தகப்பனார் குலசேகரத்தை அடுத்த தோட்டத்தில் 31 ஆண்டுகள் ரப்பர் பால் வெட்டியவர். மூஸ் செயற்கை ரப்பர் என்பதை நான் அறிவேன். ஆனால் மலிவான கழிவு ரப்பரான ஒட்டுப்பாலை, தரமான ரப்பர் ஷீட்டின் விலைக்கு விற்றால் எங்கள் ஊரில் சிறுவனும் கண்டுபிடித்துவிடுவான்.

மூன்றாவதாக, 'பயிற்சி பெறாத நபர் பொருத்தியதால்' என்ற தங்கள் சொற்கள். இக்கடிதத்தை எழுதவைத்ததே இந்த வரிதான். தாங்கள் குறிப்பிடும் நபர் என் பட்டறையில் 17 ஆண்டுகளாக வேலை செய்கிறவர். ராலிக்கு எங்களோடு வந்தது அவருக்கு இது நான்காம் முறை. ஓட்டுபவர் மாலையில் வந்து வண்டியைக் கொடுத்துவிட்டு அடுத்த நாளின் ரோட்புக்கை (வழிக்குறிப்பேட்டை) பார்த்துவிட்டுத் தூங்குவார். ஏர் ஃபில்டரில் அடைந்த மாவு போன்ற மணலைக் கழுவி, செயினைப் பார்த்து, ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டி ஓசை கேட்டு, சக்கரத்தைப் பொருத்தி முடிக்கும் மெக்கானிக் இரவு இரண்டு மணிக்கு வண்டியின் அடியிலேயே படுப்பார். டக்காரில் உதவிக்குழுவே இல்லாமல் ஒரே ஒரு பெட்டியில் சாமான்களை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது என்பதும், மாரத்தான் ஸ்டேஜ் நடக்கும் இரவில் குழுவினர் வண்டியைத் தொடக் கூடாது என்பதும் பெரிய சவால்களாகப் பேசப்படுவது, மற்ற நாட்களில் இந்தக் கைகள் எவ்வளவு செய்கின்றன என்பதால்தான். தங்கள் மின்னஞ்சலை நான் தமிழில் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து டயர் வேலை வந்தால் என்னையும் அருகில் நின்று பார்க்கச் சொல்கிறார். அந்த வரிக்கான விலையைத் தங்கள் பில்லில் எங்கும் காணமுடியாது.

பக்கத்து மாநிலமான கேரளத்தின் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா 2024 டக்காரில் மோட்டார் சைக்கிள்களுக்கான இரண்டாம் நிலைப் பிரிவான ராலி 2-இல் முதலிடம் பெற்ற பிறகு எங்கள் பகுதியிலும் நான்கைந்து இளைஞர்கள் மணல் ஓட்டத்தில் இறங்கியிருக்கிறார்கள். மூஸ் வாங்க வேண்டுமானால் எங்கே என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது என்பதைத் தங்கள் பதிலைப் பார்த்து முடிவு செய்வேன்.

ஆகவே, ரூ.45,200 முழுவதையும் இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டும் என்றும், 2019-ஆம் ஆண்டுச் சரக்கில் எஞ்சியிருப்பவற்றை விற்பனையிலிருந்து விலக்கி, இதுவரை வாங்கியவர்களுக்குத் தெரிவிக்கவேண்டும் என்றும், 05.03.2025 நாளிட்ட மின்னஞ்சலில் எங்கள் மெக்கானிக்கைக் குறித்து எழுதியதை எழுத்து மூலமாகத் திரும்பப் பெறவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நுழைவுக் கட்டணம், டீசல், வளைந்த ரிம், நால்வரின் பன்னிரண்டு நாள் உழைப்பு ஆகியவற்றை இப்போது கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்று எழுதித் தரவும் இல்லை. இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தரவேண்டும். எனக்கு 19 நாட்கள் எதுவும் வரவில்லை. தக்க பதில் இல்லையெனில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வாடிக்கையாளர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர வழிசெய்திருப்பதால், கன்னியாகுமரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுத் தாக்கல் செய்வேன். தங்கள் பிரதிநிதி நாகர்கோவில் வரை வரவேண்டியிருக்கும்.

பில்லின் நகல், இரு சீட்டுகளின் படங்கள், காலிப்பர் அளவுகளின் படங்கள், டிராக்கர் பதிவு ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். உதிர்ந்த துணுக்குகளையும், உரிக்காத சீட்டோடு முன்சக்கரத்து மூஸையும் ஒரு சாக்கில் கட்டிப் பட்டறையில் வைத்திருக்கிறேன். தங்கள் தரப்பில் யாரேனும் நேரில் வந்து அந்தச் சீட்டை என் முன்னிலையில் உரித்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறப்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மார்த்தாண்டம்.