நானே செய்த ஓவர்டிரைவ்

அன்பு நண்பா,

அப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் என் மேசை மேல் இருக்கிறது: நானே சால்டர் வைத்துச் செய்த ஓவர்டிரைவ் பெடல், அதாவது கிட்டார் ஒலியை உறும வைக்கும் கால் பெட்டி.

அடிப்படை, ஐபனீஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற ஓவர்டிரைவ் பெடலான டியூப் ஸ்க்ரீமரின் சர்க்யூட்தான். 1970களின் இறுதியில் ஜப்பானியர் சுசுமு தமுரா வடிவமைத்தது. அதைப் பற்றிப் பேசுகிற பலரும் உள்ளே சிக்னலைப் பெருக்கும் 4558 ஐசியைத்தான் கொண்டாடுகிறார்கள். பழைய ஐசி கிடைத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்து வாங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சவுண்டைத் தீர்மானிப்பது ஐசியைச் சுற்றியுள்ள சில்லறைப் பாகங்கள். இதைச் செய்யச் செய்ய எனக்கு அது உறுதியாகிவிட்டது.

ஐசியின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்குத் திரும்பும் பாதையில் இரண்டு டயோடுகள் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகங்கள்) எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. அவற்றின் குறுக்கே ஏறக்குறைய 0.6 வோல்ட் வந்ததும் கடத்தத் தொடங்கும், பெருக்கம் சட்டென்று இறங்கிவிடும். அலையின் முகடு மழுங்குவது அங்கேதான். ஆனால் கிட்டாரிலிருந்து வந்த மூல சிக்னல் காணாமல் போவதில்லை, மழுங்கிய அலையோடு கூடியே வெளியே வருகிறது. டயோடைக் கிரவுண்டுக்கு இணைக்கும் டிஸ்டார்ஷன் பெடல்களில் இது கிடையாது. மெதுவாகத் தட்டினால் தெளிவு, அழுத்தினால் உறுமல் என்று விரலுக்குப் பெடல் கட்டுப்படுகிறதே, அதன் காரணம் இதுதான்.

அப்புறம், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும். இரண்டும் சேர்ந்து சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைக்கின்றன. கீழ் ஸ்தாயியும் அதே அளவு பெருகினால் கார்டு வாசிக்கும்போது எல்லாம் கலங்கிய குட்டையாகிவிடும். டிரம்ஸ், பேஸ் கிட்டார் நடுவே சோலோ தனித்துக் கேட்பதும் இந்த ஜோடியின் புண்ணியம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பொருள்கள்!

நான் இரண்டு மாற்றம் செய்தேன். டயோடுகளை ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு என்று வைத்தேன். பாஸ் நிறுவனம் 1977-இல் தன் ஓடி-1 பெடலில் செய்ததும் இதைத்தான். அலையின் இரு பாதியும் வெவ்வேறு அளவில் மழுங்குவதால் இரட்டைப்படை ஹார்மோனிக்குகளும் (மூல சுருதியின் 2, 4 மடங்கு அதிர்வுகள்) சேர்கின்றன, ஒலி கொஞ்சம் இளகுகிறது. கெப்பாசிட்டரை 0.1 மைக்ரோஃபாரட் ஆக்கினேன். பெருக்கம் குறையும் எல்லை 340 ஹெர்ட்ஸ் அருகே இறங்கியது, ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம்) உள்ள என் சிங்கிள் காயில் கிட்டாருக்குச் சதை பிடித்தது.

பாகங்களெல்லாம் ரிச்சி தெருவில் வாங்கியவை. அலுமினியப் பெட்டிக்கும் கால் சுவிட்சுக்கும்தான் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் செலவானது. பிளாஸ்டிக் டப்பா வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தேன், கிரவுண்ட் செய்த உலோகம்தான் ஹம் என்கிற மின் இரைச்சலைத் தடுக்கும்.

உனக்கும் ஒன்று செய்து அனுப்புகிறேன். உன் கிட்டாரில் இப்போதும் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர்தானே? அப்படியானால் 0.047-ஐயே வைத்துவிடுகிறேன், அதற்கு 0.1 கனத்துப்போகும். இல்லை, பிக்கப்பை மாற்றிவிட்டாய் என்றால் உடனே எழுது. இரண்டையும் போட்டு நடுவில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்