டிக்கில ஏணி இருக்காது அம்மிணி

அம்மிணி,

ஓசூர் போய் சேந்ததும் கார் டிக்கிய தொறந்து பாத்திருப்ப, உன்னோட மடக்கு குழாய் ஏணி இருக்காது. தொலைஞ்செல்லாம் போகல, நாந்தான் எடுத்து நம்ம ஷெட்டுல வெச்சிருக்கேன். போன்ல சொன்னா "நாளைக்கு சைட் இருக்குப்பா, பஸ் பார்சல்ல போட்டு விடுங்க"ன்னு நீ பட்டுனு முடிச்சிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், முழுசா படிச்சுட்டு அப்புறம் கோவப்படு.

ஞாயித்துக்கிழமை ராத்திரி நீ தூங்குனதுக்கு அப்புறம் அந்த ஏணிய வாசல்ல செவுத்துல சாச்சு விரிச்சு பாத்தேன். 13 படி, முழுசா இழுத்தா 3.8 மீட்டர், மடிச்சா டிக்கில படுத்துக்குது, நல்ல சாமான்தான், ஒன்னும் சொல்றதுக்கில்ல. 13 படின்னா நடுவுல 12 இணைப்பு, ஒவ்வொன்னையும் பூட்ட இந்தப்பக்கம் ஒரு பின் அந்தப்பக்கம் ஒரு பின், பின் விழறப்ப மொத்தம் 24 டக் கேக்கணும். நான் எண்ணிட்டே வந்தேன், 23 தான் வந்துச்சு. டார்ச் அடிச்சு பாத்தா கீழ இருந்து நாலாவது படில இடது பக்க பட்டன் பாதிலயே நிக்குது, பின் ஓட்டைக்குள்ள போகவே இல்ல. அதுக்கு மேல ஏறுன அத்தனை தடவையும் உன் வெயிட்ட அந்த எடத்துல தாங்குனது வலது பக்கத்து பின் ஒன்னு மட்டுந்தான். எனக்கு அன்னைக்கு தூக்கமே வரல.

அடைச்சிருந்தது வேற ஒன்னும் இல்ல, கான்கிரீட் தூள். மாடில சோலார் பேனல் ஸ்டாண்டுக்கு ஆங்கர் போல்ட் அடிக்க நீங்க டிரில் போடறீங்க, அந்தத் தூள் எல்லாம் பக்கத்துல நிக்கற ஏணி மேல படிஞ்சு, அப்படியே மடிக்கறப்ப உள்ள போயிருது. பழைய டூத் பிரஷ்ல தட்டி எடுத்து, ஈரத்துணில தொடச்சு, காயவிட்டு அழுத்தி பாத்தேன், பின் டக்குனு விழுந்துச்சு. அதோட இருந்திருந்தா காலைல நானே டிக்கில வெச்சிருப்பேன். ஆனா பழைய பனியன் துணிய வெச்சு ஒவ்வொரு குழாயா மேல இருந்து கீழ உருவிட்டு வரப்ப ஒரு எடத்துல துணி மாட்டுச்சு, தடவி பாத்தா கட்டவெரல் நகம் அளவுக்கு ஒரு நெளிசல். வண்டில ஏத்தறப்ப எங்கயோ இடிச்சிருக்கு. அதுக்கு நேர் கீழ இருக்கற பிளாஸ்டிக் வளையத்துலயும் முடி மாதிரி ஒரு விரிசல். இது ஒரு குழாய்க்குள்ள இன்னொரு குழாய் போற சாமான் கண்ணு, தகடு மெல்லிசு, நெளிஞ்ச எடத்துல அதோட பலம் போயிருச்சு, சுத்தியல்ல தட்டி நிமித்துனா பார்வைக்கு நேராகும், பலம் திரும்பி வராது.

உனக்கு நான் இதுவரைக்கும் சொல்லாத ஒன்னு சொல்றேன். 1998ல மில்லுல ராத்திரி ஷிப்ட், ஹியூமிடிஃபிகேஷன் டக்ட்ல, அதான் மில்லுக்குள்ள ஈரக்காத்து கொண்டு போற பெரிய குழாய்ல வேலை, கயிறு கட்டி மேல இழுக்கற பெரிய ஏணி. அதுல மேல் ஏணிய கீழ் ஏணி படில புடிச்சு நிறுத்தறது ரெண்டு கொக்கிதான். அந்த கொக்கி டைட்டா இருக்குன்னு யாரோ எண்ணெய் விட்டிருக்காங்க, ஸ்பின்னிங் மில்லுல பஞ்சு பறக்கற எடத்துல எண்ணெய் விட்டா என்னாகும், பஞ்சு ஒட்டி ஒட்டி பிசின் மாதிரி ஆகி கொக்கி திரும்பி விழவே இல்ல, படி மேல சும்மா நுனி தொட்டுட்டு நின்னிருக்கு. ஃபிட்டர் நான், பாக்க வேண்டியவன் நான், அவசரத்துல பாக்காம ஹெல்பர் பையன ஏறச் சொன்னேன். நாலு படி ஏறுனான், மேல் ஏணி சர்ருனு எறங்குச்சு. கால் ரெண்டு எடத்துல முறிஞ்சு மூணு மாசம் படுக்கைல கெடந்தான். அவங்க அம்மா என்ன ஒரு வார்த்தை கேக்கல, ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து என் மூஞ்சிய பாத்துட்டே இருந்தாங்க. அந்தப் பார்வை இன்னைக்கு வரைக்கும் போகல.

அதனால எண்ணெயோ கிரீஸோ அதுல விடவே கூடாது. தூள் ஒட்டும், பின் ஒட்டும். வேலை முடிஞ்சு மடிக்கறதுக்கு முன்னாடி விரிஞ்சு இருக்கறப்பவே தொடச்சிரு, நனைஞ்சா காயவிட்டு மடி. மடிக்கறப்ப கை ரெண்டும் பக்கவாட்டு குழாய்ல வெளிப்பக்கமா இருக்கணும், படிக்கும் படிக்கும் நடுவுல வெரல் போச்சுன்னா நசுங்கிரும். ஏறறதுக்கு முன்னாடி அடி ரப்பர் தேஞ்சிருக்கா, கல்லு சொருகியிருக்கான்னு திருப்பி பாரு. இதெல்லாம் சேத்து ரெண்டு நிமிஷம், தெனமும்.

இன்னொன்னு, இந்த ஏணில தரைல இருந்து மொட்டை மாடிக்கு ஏறாத. கணக்கு போட்டு பாரு, நாலு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு அடிய தள்ளி, நாலுக்கு ஒன்னுன்னு சாச்சா அடிப்பாகம் செவுத்துல இருந்து ஒரு மீட்டர் தள்ளி வரும், உச்சி 3.7 மீட்டர்கிட்ட நிக்கும். மேல எறங்கற எடத்துக்கு மேல ஒரு மீட்டர் ஏணி நீட்டிட்டு இருக்கணும், புடிச்சு கால் வைக்க. அப்போ 2.7 மீட்டர் வரைக்குந்தான் இது ஆகும். நம்ம பக்கம் பத்தடி ரூம், அது மேல தளம், அதுக்கு மேல கைப்பிடி செவுரு, எப்படி எட்டும்? படிக்கட்டுல மாடிக்கு போய், மாடில இருந்து ஹெட்ரூம், அதான் படிக்கட்டு மேல இருக்கற சின்ன ரூம், அது மேல ஏற மட்டும் வெச்சுக்கோ, உச்சிய கயித்துல கட்டிரு.

பேனல தோள்ல வெச்சுட்டு ஏறாத. 550 வாட் பேனல் 28 கிலோகிட்ட இருக்கும், பலகை மாதிரி காத்த புடிக்கும், ஏணிக்கு 150 கிலோன்னு போட்டிருக்கறது நேரா நிக்கற வெயிட்டுக்குத்தான், காத்து பக்கவாட்டுல தள்ளறதுக்கு இல்ல. கயித்துல இழுங்க. வயர் வேலைக்கு அலுமினியம் ஏணியே வேண்டாம், வெயில் இருக்கற வரைக்கும் பேனல்ல கரண்ட் வந்துட்டே இருக்கும்னு எனக்கு நீதான் சொல்லிக்குடுத்த, அதுக்கு கரண்ட் கடத்தாத ஃபைபர் ஏணி வெச்சுக்கோ.

புதுசு வாங்கறப்ப ஈஎன் 131-6ன்னு லேபிள் இருக்கான்னு பாத்து வாங்கு, மடக்கு குழாய் ஏணிக்குன்னே இருக்கற ஸ்டாண்டர்ட் அது. ரெண்டாம் கை வேண்டாம், அது எங்க விழுந்துச்சு எங்க இடிச்சுதுன்னு வித்தவங்களுக்கே தெரியாது. பழச நாளைக்கு ஆக்சா பிளேடு போட்டு ரெண்டா அறுத்துதான் பழைய இரும்புக்காரர்கிட்ட போடுவேன், முழுசா குடுத்தா யாராவது எடுத்துட்டு போய் ஏறிருவாங்க. உன் காசுல வாங்குனதுன்னு தெரியும் சாமி, 5000 ஜிபே பண்ணிருக்கேன், மீதிய நீ போட்டுக்கோ. புது ஏணி வர்ற வரைக்கும் அந்த சைட்ட தள்ளிப்போடு, கஸ்டமர் கத்துனா என் நம்பர குடு, நான் பேசிக்கறேன்.

ஏணி வந்ததும் வீடியோ கால் போட்டுட்டு விரி. 24 டக்கும் நான் எண்ணணும்.

அப்பா